முச்சந்தியில் நிற்கும் கல்மண்டபம்

இங்கிலாந்தின் தென்மேற்கே, வில்ட்ஷயர் மாவட்டத்தில், பைபுரூக் என்னும் சிற்றாறு வளைந்தோடும் பள்ளத்தாக்கில் காஸில் கூம் என்றொரு கிராமம் உண்டு. அதன் மூன்று தெருக்களும் வந்து கூடும் இடத்தில், நான்கு கல்தூண்கள் தாங்கும் கூரையும் நடுவே கற்பீடமுமாக, 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறு மண்டபம் ஒன்று நிற்கிறது. சந்தைச் சிலுவை என்று அதற்குப் பெயர்.

நினைத்த இடத்தில் சந்தை கூட்டும் சுதந்திரம் அக்காலத்தில் எவருக்கும் இல்லை. அரசனுடைய சாஸனம் பெற்ற பிரபுவே அதை நடத்திச் சுங்கம் தண்டலாம். அருகருகே இரு சந்தைகள் கூடி ஒன்றையொன்று கெடுத்தலும் ஆகாது என்பதால், பிராக்டனின் பெயரால் வழங்கும் 13-ஆம் நூற்றாண்டுச் சட்டநூல், ஒருவன் ஒரு நாளில் நடக்கத்தக்க 20 மைலை மூன்றாகப் பகுத்து, ஒரு பங்கு போவதற்கும், ஒரு பங்கு விற்று வாங்குவதற்கும், ஒரு பங்கு கள்வர் பயமின்றிப் பொழுதோடு வீடு திரும்புவதற்கும் என்று வைத்து, சந்தைகளுக்கிடையே 6⅔ மைல் தூரம் வேண்டுமென்று விதித்தது. எளிய குடியானவனின் நடையையே அளவுகோலாகக் கொண்ட இவ்விதி என் மனத்தை மிகவும் கவர்ந்தது.

தேவாலய முற்றங்களில் சந்தை கூடுவதை முதலாம் எட்வர்டு மன்னன் 1285-இல் தடைசெய்தான். வியாபாரம் வீதிக்கு வந்த பின்னரும், கொடுத்த வாக்குக்கும் பேசிய விலைக்கும் தெய்வ சாட்சியாகச் சிலுவை அங்காடியின் நடுவே நின்றது.

காஸில் கூமின் செல்வம் கம்பளித் துணி. நெய்த துணியை நனைத்து அடித்துக் கெட்டிப்படுத்தும் ஆலைகளைப் பைபுரூக்கின் நீரே இயக்கிற்று. 15-ஆம் நூற்றாண்டில் இவ்வூரின் பிரபுவாயிருந்த ஸர் ஜான் பாஸ்டால்ப், பிரான்ஸில் போர்புரிந்த தம் படையினருக்காக, இவ்வூர்க் குடிகளிடம் ஆண்டுதோறும் 100 பவுனுக்கு மேற்பட்ட சிவப்பு, வெள்ளைத் துணிகளை வாங்கினார் என்று அவருடைய காரியதரிசி வில்லியம் வொர்ஸ்டர் எழுதிவைத்திருக்கிறார்.

பின்னர் நெசவு நலிந்தது, சந்தையும் நின்றது. 17-ஆம் நூற்றாண்டில் மதசீர்திருத்த ஆவேசத்தில் சிலுவைகள் பல உடைபட்டன. லண்டன் மாநகரின் சீப்சைடு சிலுவையே 1643-இல் தகர்க்கப்பட்டது. காஸில் கூமின் மண்டபமோ அக்காலத்தைக் கடந்து நின்றது. ஊரைக் காண வருவோர் இன்றும், மழை பிடித்துக்கொண்டால், அதன் கூரைக்கீழ்தான் ஒதுங்குகிறார்கள்.