குற்றாலத்து ஜலம் கடல் சேரும் துறை

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகிறவர்கள் பேரருவியிலும் ஐந்தருவியிலும் தலையைக் கொடுத்துவிட்டு, தென்காசிக் கோபுரத்தைக் கும்பிட்டு ஊர் திரும்புவது வழக்கம். தலைமேல் விழுந்த ஜலம் அப்புறம் எங்கே போயிற்று என்று யாரும் விசாரிப்பதில்லை. இந்த வருஷம் எங்கள் வீட்டுச் சிறுவன் விசாரித்துவிட்டான். அதன் பலன், மறுநாள் காலையில் நாங்கள் குடும்ப சகிதம் புன்னைக்காயல் படகுத்துறையில் நின்றோம்.

பேரருவியின் ஜலம் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, வழியிலுள்ள குளங்களுக்கெல்லாம் பங்கு கொடுத்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. கடைசி அணையான ஸ்ரீவைகுண்டத்தையும் தாண்டி மிஞ்சுவது இங்கே மன்னார் வளைகுடாவை அடைகிறது. அப்படி மிஞ்சுவதை 'கடலில் வீணாகும் தண்ணீர்' என்று சொல்லி நாம் பெருமூச்சு விடுகிறோம் அல்லவா? நானும் விட்டவன்தான்.

துறையின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தோம். கலங்கிய நீரில் மடவைக் குஞ்சுகள் கூட்டமாகத் திரும்பும்போதெல்லாம் வெள்ளி பளிச்சிட்டது. ஆலாப் பறவைகள் தலைகீழாக விழுந்து மீனோடு எழுந்தன. வலை உதறும் வல்லங்களைச் செம்பருந்து ஒன்று வட்டமிட்டது. அக்கரையில் அலையாத்திச் செடிகள் சேற்றுக்கு மேலே வேர்களை ஆணி நட்டாற்போல் நீட்டிக்கொண்டிருந்தன. இடுப்பளவு நீரில் நின்ற பெரியவர் ஒருவர் வீச்சு வலையை விசிறினார். அது குடைபோல் விரிந்து விழுந்த அழகை என் மனைவி மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தாள்! வலையில் வந்தவை மடவையும், கொஞ்சம் இறாலும், ஒரு சிறிய கொடுவாவும்.

"இவ்வளவு தண்ணீர் வீணாகிறதே!" என்றேன்.

"வீணா? ஆத்துத் தண்ணி வராட்டா எறா ஏது ஐயா?" என்றார் அவர்.

அவர் சொன்னது சாஸ்திரத்துக்கும் ஒத்ததே. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் வளர்வதோ நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இந்தக் கழிமுகத்தில். மடவையும் அப்படித்தான். ஆறு கொண்டுவரும் வண்டலைக் கொண்டுதான் கரையோரக் கடலில் நுண்ணிய பாசிகள் பெருகுகின்றன. அவற்றை நம்பியே சிறு மீன்கள் பிழைக்கின்றன. ஆறு வறண்டால் உப்பு மேலேறுகிறது. மணல் முகத்துவாரத்தை அடைக்கிறது. மேலே வயலுக்கும் குடிநீருக்கும் அணை வேண்டாமென்று யார் சொல்வார்கள்? ஆனால் கணக்கெழுதும்போது பரதவர் வலைக்கும் ஒரு பங்கு எழுதினால் என்ன?

எல்லாவற்றிலும் விசித்திரம் விலாங்கு. மலையாறுகளில் பல வருஷம் வாழ்ந்துவிட்டு, முட்டையிட ஆழ்கடலுக்குப் போகிறது. அதன் குஞ்சு கண்ணாடி போன்ற உடம்போடு கரைக்கு வந்து, ஆற்றை எதிர்த்து மேலே ஏறுகிறது. ஈரப் பாறையிலும் ஊர்ந்துவிடும்.

"அப்படியானால் குற்றாலம் வரைக்கும் ஏறுமா, தாத்தா?" என்று சிறுவன் கேட்டான்.

பெரியவர் வலையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஏறும்லே. நடுவில எத்தன அணை இருக்கு, எதுல தண்ணி வழியுதுன்னு போற வழியில எண்ணிக்கிட்டே போ" என்றார்.

திரும்பும்போது சிறுவன் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.