உங்கள் பல்செட்டைச் செய்தது யார்?

ஈப்போவில் பல் கட்டிக்கொண்ட ஒருவரைக் கேட்டால் டாக்டர் பெயரைச் சொல்வார், எத்தனை வெள்ளி ஆனது என்பதையும் சொல்வார். பல்லைச் செய்தவர் யார் என்றால் முழிப்பார். டாக்டர் அளவெடுக்கிறார், கடைசியில் பொருத்துகிறார். நடுவில் உள்ள வேலை பெரும்பாலும் வெளியே ஒரு லேப்பில், பல் டெக்னீஷியன் கையில் நடக்கிறது. நோயாளியும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதே இல்லை.

கழற்றி மாட்டும் பல்செட்டை எடுத்துக்கொள்வோம். கிளினிக்கில் வாயில் வைத்து அச்செடுக்கும் பசை, கடல்பாசியிலிருந்து வரும் அல்ஜினேட். காற்றுப்பட்டால் சுருங்கிவிடும் என்பதால் ஈரத்தோடு சுற்றிவைத்து, சீக்கிரமே அதில் பிளாஸ்டர் ஊற்றியாக வேண்டும். அந்தப் பிளாஸ்டர் தாடையின் மேல் மெழுகால் ஈறு கட்டி, ஆயத்தப் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, மேலும் கீழும் ஒழுங்காகக் கடிக்கிறதா என்று தாடைபோல் அசையும் கருவியில் பூட்டிப் பார்ப்பார்கள். மெழுகுச் செட் ஒருமுறை கிளினிக்குக்குப் போய், நோயாளி வாயில் வைத்துப் பேசிப் பார்த்தபின் திரும்பி வரும். அப்புறம் உலோகப் பெட்டியில் பிளாஸ்டருக்குள் புதைத்து, வெந்நீரில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் இளஞ்சிவப்பு அக்ரிலிக் மாவை அழுத்தி, சுடுநீரில் மணிக்கணக்கில் வேகவிட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் உள்ளிருக்கும் திரவம் கொதித்துச் செட்டுக்குள் குமிழி விழும். அந்த இடத்தில்தான் பிறகு உடையும். ராவி, மெருகேற்றி முடிக்கும்வரை அக்ரிலிக் நெடியும் தூசியும் டெக்னீஷியனை விடாது.

இந்த அக்ரிலிக் வந்தது 1930களின் கடைசியில்தான். அதற்கு முன் செட்டின் ஈறு ரப்பர்! கந்தகம் சேர்த்துச் சுட்டு இறுக்கிய ரப்பருக்கு வல்கனைட் என்று பெயர். அமெரிக்காவில் அதன் காப்புரிமையை வைத்திருந்த கம்பெனி, பல் டாக்டர்களிடம் கட்டணம் வசூலித்தது. கட்டாதவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தது. அந்தக் கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கனை 1879இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல் டாக்டர் சுட்டே கொன்றுவிட்டார். அதற்கு இரண்டே வருடம் முன்பு, 1877இல், பேராக்கின் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டிருந்தார்கள். 1920களில் உலக ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவுடையது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் மங்கில் சொட்டிய பால், கடல் கடந்து யாரோ ஒரு துரையின் வாயில் ஈறாகியிருக்க வாய்ப்புண்டு. பால்மரம் வெட்டியவர்களில் பலருக்கோ பல் வைத்தியம் என்றால் வலிக்கிற பல்லைப் பிடுங்கிப் போடுவதுதான்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, லயங்கள் காலியாயின. குடும்பங்கள் புந்தோங், சிலிபின் என்று ஈப்போ ஓரங்களுக்கு நகர்ந்தன. பல் விழுந்த பெரியவர்களுக்கு அங்கே செட் தேவைப்பட்டது. புந்தோங் கச்சாங் பூத்தேயைக் கடிக்க முடியாமல் ஊறவைத்துத் தின்னும் வயதில், அதுவொன்றும் ஆடம்பரமில்லை. ஆனால் அடுத்த தலைமுறையின் வாய் வேறு. பினாங்கில் 1949இலிருந்து பயிற்சி பெற்ற பல் தாதியர் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கவனித்தார்கள். 1972க்குப் பிறகு குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு கலக்கும் திட்டம் நாடு முழுக்க விரிந்தது. பல்லைக் காப்பாற்றிக்கொண்டவர்களுக்கு முழு செட் வேண்டாம். ஒரு கேப், ஒரு பிரிட்ஜ், வசதியிருந்தால் இம்பிளாண்ட் போதும். லேப்பின் வருமானமும் மெல்ல மெல்லச் செட்டிலிருந்து கேப்புக்கு மாறியது. மெஷின் நுழைந்ததும் சரியாக அங்கேதான்.

இப்போது பல கிளினிக்குகளில் பசையே கிடையாது. சிறிய கேமராவை வாய்க்குள் சுழற்றினால் பல்லின் வடிவம் கோப்பாகிவிடும். டெக்னீஷியன் திரையில் கேப்பை வரைகிறார், மெஷின் சிர்கோனியா என்ற பீங்கான் வட்டிலிருந்து அதைக் குடைந்தெடுக்கிறது. வெளியே வரும் கேப் சாக்குக்கட்டி போல் மென்மையாக, வேண்டிய அளவைவிட நான்கில் ஒரு பங்கு பெரிதாக இருக்கும். சுமார் 1500 டிகிரி உலையில் சுடும்போது சுருங்கிச் சரியான அளவுக்கு வந்து இறுகும். மெழுகில் பல் செதுக்கிய விரல்களுக்கு இதில் வேலை குறைவு. கடைசியில் பிரஷ்ஷால் சாயம் தொட்டு நிறம் சேர்ப்பதுதான் மிச்சம். அதிலும் டெக்னீஷியனுக்குக் கிடைப்பது சீட்டில் எழுதிய 'ஏ3' போன்ற ஒரு குறியீடு. முகத்தையே பார்க்காமல் பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகச் செய்ய வேண்டும்.

சிக்கல் பணத்தில்தான். கோப்பு ஈப்போவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. கோலாலம்பூருக்கும் போகலாம், சீனாவின் ஷென்சென்னுக்கும் போகலாம். பெரிய மெஷின் வைத்திருப்பவர் விலையைக் குறைக்கிறார். இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து வேலை செய்யும் லேப்பால் அந்த மெஷினை வாங்க முடியாது. கடன் வாங்கி வாங்கினாலும் அது ஓயாமல் ஓடுகிற அளவுக்கு வேலை வேண்டும். அதனால் சிலர் வரைவதை மட்டும் தாங்கள் செய்து, குடைவதைப் பெரிய மையங்களுக்கு விடுகிறார்கள். கூலி எண்ணிக்கைக் கணக்கு. பொருந்தாமல் திரும்பி வந்தால், அளவெடுத்ததில் பிழையோ செய்ததில் பிழையோ, திரும்பச் செய்கிற செலவு பல நேரம் லேப் தலையில்தான் விழும். என்னைக் கேட்டால், மெஷினைவிட இந்த வழக்கம்தான் சின்ன லேப்களை அதிகம் அரிக்கிறது.

டெக்னீஷியனே நேராக நோயாளிக்குச் செட் செய்து கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் 1957இலேயே சட்டம் போட்டு அனுமதித்தார்கள்; கனடாவிலும் உண்டு. மலேசியாவில் கூடாது. 2016ஆம் ஆண்டின் 774ஆம் எண் சட்டம் 'ஜுருதெக்னோலோஜி பெர்கிகியான்' என்ற பெயரில் பல் டெக்னீஷியன் வேலையைச் சுகாதாரத் தொழில்களில் ஒன்றாக அங்கீகரித்தது. வாயில் கைவைக்கும் உரிமை அதில் இல்லை. பதிவில்லாமல் பல் வைத்தியம் பார்த்தால், 2018ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டப்படி 3 லட்சம் வெள்ளிவரை அபராதம், 6 வருடம்வரை சிறை. கடைத்தெருவில் போலிக் கம்பி மாட்டுபவர்களை நினைத்தால் அந்தக் கடுமை நியாயமே. பயிற்சி பெற்ற டெக்னீஷியனுக்கும் அதே கதவை மூடுவது சரியா என்பது வேறு கேள்வி.

உள்ளூர் லேப்பிடமிருந்து ஷென்சென் பறிக்க முடியாத வேலை ஒன்று உண்டு: ரிப்பேர். கைதவறிச் செட் உடைந்தால் ஆள் பல்லில்லாமல் வாரக்கணக்கில் காத்திருக்க மாட்டார். பக்கத்து லேப்பில் பெரும்பாலும் ஓரிரு நாளில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் வீட்டிலேயே சூப்பர் குளூ போட்டு ஒட்டிவிடாதீர்கள். துண்டுகள் மயிரிழை விலகி ஒட்டினாலும் பழைய பொருத்தம் போய்விடும். காய்ந்த பசையைச் சுரண்டும்போது உடைந்த ஓரமும் தேய்ந்துபோகும். எல்லாத் துண்டையும் ஒரு டப்பாவில் போட்டு, செட் கட்டிய கிளினிக்கிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.