"உங்களுக்கு மட்டும்தான் இப்படி"

பிரிட்டனில் கிராமத்து அஞ்சலகம் பெரும்பாலும் ஒரு மளிகைக் கடையின் மூலையில்தான் இருக்கும். கடைக்காரரே சப் போஸ்ட்மாஸ்டர். அவர் அரசு ஊழியர் அல்லர். போஸ்ட் ஆபீஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு நடத்துபவர். ஊர்க்காரர்கள் பென்ஷன் வாங்கியதும் சேமிப்பைப் போட்டதும் அவர் கையில்தான். தெற்காசியாவிலிருந்து குடியேறிய குடும்பங்கள் பலவும் இந்தத் தொழிலில் முதல் போட்டு இறங்கின.

1999-இலிருந்து இந்தக் கிளைகளில் ஃபுஜிட்ஸு நிறுவனத்தின் 'ஹொரைசன்' என்ற கணினிக் கணக்கு முறை வந்தது. பல கிளைகளில் கணக்கை முடிக்கும்போது கல்லாவில் உள்ள பணமும் திரையில் தெரியும் தொகையும் ஒத்துப்போகவில்லை. ஆயிரக்கணக்கான பவுண்டு துண்டு விழுந்தது. பதறிப்போய் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டவர்கள் பலருக்கும் ஒரே பதில் கிடைத்தது: வேறு யாருக்கும் இப்படி இல்லை, உங்களுக்கு மட்டும்தான்.

பெரிய நிறுவனங்கள் தவற்றை எப்படி மறைக்கின்றன என்று யாராவது கேட்டால், நான் இந்தப் பதிலைத்தான் காட்டுவேன். மறைப்பது என்றதும் பூட்டிய அலமாரியும் ரகசியக் கோப்பும் நம் நினைவுக்கு வருகின்றன. அவையும் இந்தக் கதையில் உண்டு. ஆனால் அடிப்படையான வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது: பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் தனியாளாக நிறுத்தியாகிவிட்டது. தனியாளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வரும். எங்கோ கூட்டல் தப்பிவிட்டது என்று நினைத்து நகையை விற்பார், வீட்டை அடமானம் வைப்பார், அந்தக் குறையைச் சொந்தப் பணத்தால் நிரப்புவார். முடியாதபோது, மறுநாள் கடையைத் திறப்பதற்காக, கணக்கு சரியாக இருப்பதாகக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தே பிறகு 'பொய்க்கணக்கு' என்ற குற்றமாகும்.

இதற்குச் சட்டமும் துணை நின்றது. போஸ்ட் ஆபீஸால் தானே விசாரித்து, தானே குற்றவழக்குப் போட முடிந்தது. பணம் போய்விட்டது என்று சொல்லும் தரப்பும், குற்றம் சாட்டும் தரப்பும், எந்த ஆவணத்தை எதிர்த்தரப்புக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் தரப்பும் ஒன்றே. மறுப்பதற்குச் சான்று இல்லையென்றால் கணினி சரியாகவே இயங்கியது என்று எடுத்துக்கொள்வது நீதிமன்ற வழக்கம். அதை மறுக்கும் சான்றோ ஃபுஜிட்ஸுவிடம் இருந்தது. கிராமத்துக் கடைக்காரர் அதை எங்கே போய்த் தேடுவார்? பலரிடம் பேரமும் நடந்தது: பொய்க்கணக்கை ஒப்புக்கொண்டால் திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுகிறோம். சிறைக்குப் பயந்து ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட வழக்கில் விசாரணை இல்லை. விசாரணை இல்லாத இடத்தில் ஹொரைசனைப் பற்றிக் கேள்வியும் இல்லை.

உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தது. 2010-இல் ஹொரைசனில் ஒரு பிழை 62 கிளைகளின் கணக்கைக் குழப்பியது. போஸ்ட் ஆபீஸ், ஃபுஜிட்ஸு அதிகாரிகள் கூடிப் பேசியதன் குறிப்பு இன்று பொதுவெளியில் இருக்கிறது. இது வெளியே தெரிந்தால் கிளைகளின் நம்பிக்கை குலையும், நடந்துகொண்டிருக்கும் வழக்குகளையும் பாதிக்கலாம் என்ற கவலை அதில் பதிவாகியுள்ளது. அதே ஆண்டு அக்டோபரில் ஒரு பெண் சப் போஸ்ட்மாஸ்டரின் வழக்கு விசாரணைக்கு வந்தது. அந்தக் குறிப்பு அவருடைய வழக்கறிஞர் கைக்குப் போகவே இல்லை. நவம்பரில், கர்ப்பிணியாக, அவர் சிறைக்குப் போனார்.

2013-இல் போஸ்ட் ஆபீஸுக்காக வேலைசெய்த வழக்கறிஞர் ஒருவரே எச்சரித்தார்: நீதிமன்றங்களில் சாட்சி சொல்லிவந்த ஃபுஜிட்ஸு நிபுணர், தனக்குத் தெரிந்த பிழைகளைச் சொல்லவில்லை. ஹொரைசன் பிழைகளைப் பற்றி வாராவாரம் நடந்த தொலைபேசிக் கூட்டத்தின் குறிப்புகளைக் கிழித்தெறியச் சொல்லி உத்தரவு போனதையும் அவர் எழுதிவைத்தார். அவருடைய அறிவுரை, தண்டனை பெற்றவர்களின் கைக்கு வர ஏழு ஆண்டுக்கு மேல் ஆனது. இடையில், 2015-இல், ஹொரைசனை ஆராயத் தானே அமர்த்திய கணக்காய்வு நிறுவனத்தைப் போஸ்ட் ஆபீஸ் வேலையை விட்டு நீக்கியது. கிளைக் கணக்கில் வெளியிலிருந்து யாரும் கைவைக்க முடியாது என்று அதே ஆண்டும் சாதித்தது. ஆனால் ஃபுஜிட்ஸு ஊழியர்களால் அது முடிந்தது.

இதில் எல்லோரும் திட்டமிட்டுச் சதி செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. தன் பதவிக்காலத்தில் இது வெடிக்க வேண்டாம் என்று ஒவ்வொருவரும் ஒரு காகிதத்தைத் தள்ளிவைத்தால் போதும். ஆண்டுகள் ஓடிவிடும். அப்படித் தள்ளிவைத்ததை மன்னிக்கவும் என்னால் முடியவில்லை.

மறைப்பு உடைந்ததும் அது கட்டப்பட்ட அதே இடத்தில்தான். வேல்ஸில் கிளையை இழந்த ஆலன் பேட்ஸ் விடாமல் கடிதம் எழுதினார். 2009-இல் 'கம்ப்யூட்டர் வீக்லி' இதழ் ஏழு பேரின் கதையை வெளியிட்டது. அதே ஆண்டு ஃபென்னி காம்ப்டன் என்ற கிராமத்து மண்டபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் கூடினார்கள். தன்னைப்போல் இன்னொருவர் இருப்பதைப் பலர் அன்றுதான் பார்த்தார்கள். பிறகு 555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தது. சமரசத்தில் கிடைத்த சுமார் 5.8 கோடி பவுண்டில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போய்விட்டது.

2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ஒரே நாளில் ரத்துசெய்தது. 2024 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடர் ஒன்று நாட்டையே உலுக்கிய பின்பு, மற்றவர்களுக்காக நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. மொத்தம் தண்டிக்கப்பட்டவர்கள் 900-க்கும் மேல். பொது விசாரணையின் முதல் அறிக்கை 2025 ஜூலையில் வந்தது. இதன் காரணமாக 13 பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்கிறது அது. அந்த அறிக்கை வெளிவந்த நாள்வரை, போஸ்ட் ஆபீஸிலோ ஃபுஜிட்ஸுவிலோ ஒருவர்கூடக் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை.