முதல் வாக்குமூலம்

குழந்தை காணாமற்போன ஊரில், ஜனங்கள் காட்டையும் குளத்தையும் தேடி அலைந்துகொண்டிருக்கும் வேளையில், போலீஸார் பெற்றோரை உட்காரவைத்து நடந்ததைத் திரும்பத் திரும்ப விசாரிப்பது பார்ப்பவர்களுக்குக் குரூரமாகவே தோன்றும். ஆனால் பிறருடைய கேள்விகளும் பத்திரிகைச் செய்திகளும் கலப்பதற்குமுன் வெளிவரும் முதல் விருத்தாந்தமே, பின்னர் வரும் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஆதாரம் என்பதை அறிந்தவர்கள் அதைக் குறைகூற மாட்டார்கள்.

1994 அக்டோபர் 25 இரவு, அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்து யூனியன் நகரில், சிவப்பு விளக்குக்காகக் காரை நிறுத்தியிருந்தபோது கறுப்பினத்தவன் ஒருவன் துப்பாக்கியோடு ஏறி, தன் இரண்டு ஆண் குழந்தைகளோடு காரைக் கொண்டுபோய்விட்டதாக சூசன் ஸ்மித் என்ற இளந்தாய் முறையிட்டார். பிள்ளைகள் வீடு திரும்புவார்கள் என்று கணவர் பேசிக்கொண்டிருக்க, இவரோ பிள்ளைகளுக்குத் தாம் தேவைப்பட்டதாக இறந்தகாலத்தில் பேசினார். எப்.பி.ஐ.யின் சஞ்சிகையில் 1996-இல் வெளிவந்த ஒரு கட்டுரை இந்த வேறுபாட்டையே சிறந்த உதாரணமாக எடுத்துக்காட்டியது.

எனினும், சந்தேகத்துக்கு உறுதியான பிடிமானம் கிடைத்தது அந்தச் சாலைச் சந்திப்பின் விளக்கிலிருந்துதான். குறுக்குச் சாலையில் வண்டி வந்து நின்றாலொழிய நெடுஞ்சாலைப் பக்கம் சிவப்பு விழாதவாறு அது அமைக்கப்பட்டிருந்தது. அங்கே வேறு வண்டியே இல்லை என்று அவரே சொல்லியிருந்தார். ஒன்பதாம் நாள், நவம்பர் 3 அன்று, குழந்தைகளோடு காரை ஏரியில் இறக்கிவிட்டதை ஷெரீப் ஹோவர்ட் வெல்ஸிடம் அவர் ஒப்புக்கொண்டார்.

பேச்சையும் முகத்தையும் மட்டும் நம்பினால் என்ன விபரீதம் விளையும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 1980 ஆகஸ்ட் 17 இரவு, இன்று உலூரு என்று வழங்கும் பாறையருகே கூடாரமிட்டிருந்த லிண்டி சேம்பர்லெய்ன், ஒன்பது வாரக் குழந்தையான அசாரியாவை டிங்கோ என்னும் காட்டுநாய் தூக்கிச்சென்றுவிட்டது என்று அலறினார். தொலைக்காட்சியில் அவர் கண்ணீர் விடாமல் நிதானமாகப் பேசியதே குற்றத்தின் அடையாளம் என்று பலர் முடிவுகட்டினார்கள். தாய் தங்களோடு நின்றிருந்தபோதே கூடாரத்திலிருந்து குழந்தையின் அழுகுரல் வந்ததாக உடனிருந்த பயணி ஒருவர் சொல்லியும், 1982-இல் லிண்டிக்கு ஆயுள்தண்டனை கிடைத்தது. 1986-இல் குழந்தையின் மேற்சட்டை டிங்கோக்களின் வளைகளுக்கு அருகே அகப்பட, அவர் விடுதலையானார். 1988-இல் தண்டனை ரத்தாயிற்று. 2012-இல் மரண விசாரணை அதிகாரி, டிங்கோவே காரணம் என்று பதிவுசெய்தார்.

பொய்யையும் மெய்யையும் பிரித்தறிவதில் மனிதர்களின் சராசரித் தேர்ச்சி 54 சதவீதமே என்று பல ஆய்வுகளைத் தொகுத்து பாண்ட், டிபாலோ என்ற ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினார்கள். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிட அது பெரிதும் மேலானதன்று. துக்கம் ஒருவரை அழவைக்கிறது, ஒருவரை ஊமையாக்குகிறது, மற்றொருவரை அளவுக்கு மீறிப் பேசவைக்கிறது.

ஆகவே தேர்ந்த விசாரணையாளர், குடும்பத்தார் ஒவ்வொருவரையும் தனித்தனியே, இடைமறிக்காமல் பேசவிட்டு, சொன்ன சொற்களை அப்படியே பதிவுசெய்து, அவற்றுள் நேரம், இடம், உடன் இருந்தோர், கதவு, விளக்கு என்று சோதிக்கக்கூடியவற்றைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் ஸ்தலத்தில் சரிபார்ப்பார். காலம் மாறிய வினைச்சொல் எங்கே தேட வேண்டும் என்று அவருக்குச் சொல்லலாம். யார் குற்றவாளி என்று சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. இந்த வரம்பை விசாரணையாளர் மறந்தால், உண்மையைச் சொன்ன தாயும் சிறைக்குப் போக நேரிடும்.