உஷார்! ஜிப்ஸியின் பின்கதவு பீடிங்கைப் பார்த்தீர்களா?

சோமனூர், கருமத்தம்பட்டி பக்கம் ஹார்டாப் போட்ட பழைய ஜிப்ஸி வைத்திருப்பவர்களே, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் பின்கதவைத் திறந்து, சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்கை நகத்தால் அழுத்திப் பாருங்கள். அழுத்திய இடம் எழும்பி வரவில்லை, மூலையில் வெடிப்பு தெரிகிறது என்றால் அந்த பீடிங் செத்துவிட்டது. அதோடு பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊட்டிக்கோ பழனிக்கோ கிளம்பாதீர்கள்.

மழைத்தண்ணீர் ஒழுகினால் சீட் நனையும், உடனே தெரிந்துவிடும். புகை உள்ளே வந்தால் எளிதில் தெரியாது. ஜிப்ஸியின் பின்புறம் செங்குத்தானது. வண்டி ஓடும்போது அங்கே காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் புகை கதவுக்குப் பின்னாலேயே சுழலும். பீடிங் விட்ட இடைவெளி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பின் கண்ணாடியைத் திறந்து வைத்தால் இன்னும் மோசம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றால், மலைப்பாதை வளைவுதான் காரணம் என்று எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் கொடுக்கிறோம். ஹார்டாப் வண்டியில் அப்படி இருந்துவிடாதீர்கள். நிறுத்தி, எல்லோரையும் வெளிக்காற்றுக்கு இறக்குங்கள். தெளியவில்லை என்றால் நேரே ஆஸ்பத்திரி.

பின்கதவு பீடிங்கோடு, டாப்புக்கும் பாடிக்கும் நடுவே உள்ள பீடிங்கையும் டாப்பைக் கழற்றி மாற்றிவிடுங்கள். "சிலிக்கான் அடிச்சு உட்டாப் போதுமுங்க, எதுக்கு டாப்பைக் கழட்டிக்கிட்டு?" என்று பட்டறையில் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். வினிகர் வாசம் வரும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது; பெயின்ட் உரிந்த தகட்டில் அது துருவைத்தான் கிளப்பும். பின்னால் அந்த இடத்தில் பெயின்டும் பிடிக்காது. சோபா மெத்தை மாதிரி தண்ணீரை உறிஞ்சும் மலிவான ஸ்பாஞ்சும் வேண்டாம். குடித்த தண்ணீரை போல்ட் துளை ஓரமாகவே வைத்திருந்து, பாடியின் மேல் விளிம்பை உள்ளிருந்தே அரித்துவிடும். தண்ணீர் குடிக்காத ஈபிடிஎம் ரப்பராகக் கேட்டு வாங்குங்கள். வெயிலுக்கும் ஓசோனுக்கும் அதுதான் தாங்கும். ஆனால் பெட்ரோல், டீசல், கிரீஸ் பட்டால் அதுவும் ஊதிப்போகும்.

1985-ல் வந்த ஜிப்ஸி முதலில் துணி டாப்போடுதான் விற்றது. வெளியே செய்து மாட்டிய ஹார்டாப்கள் பிரபலமான பிறகே கம்பெனியும் போல்ட் போட்டு மாட்டும் ஹார்டாப்பைக் கொடுத்தது. அதனால் டாப்புக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளி வண்டிக்கு வண்டி மாறும். உக்கடத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் 'ஜிப்ஸி பீடிங்' என்று மட்டும் கேட்டால் காசு வீண். சப்பாத்தி மாவை பிளாஸ்டிக் தாளில் சுற்றி விளிம்பில் நாலைந்து இடங்களில் வைத்து, டாப்பை இறக்கி, போல்ட்டை லேசாகப் பிடித்துவிட்டு மறுபடி தூக்குங்கள். நசுங்கிய மாவின் தடிமன்தான் உங்கள் வண்டியின் அளவு. பீடிங் அதைவிடக் கொஞ்சம் தடியாக இருக்கட்டும். ரொம்பத் தடியாக வாங்கிவிட்டு போல்ட்டை முறுக்கினால் ஃபைபர் டாப் வெடிக்கும்.

டாப்பைத் தூக்க நாலு பேர் வேண்டும். இரண்டு பேர் தூக்கினால் நடுவில் வளையும். பழைய பசையைச் சுரண்ட பிளாஸ்டிக் தகடு போதும். பெட்ரோல் ஊற்றித் துடைக்காதீர்கள். புதிதாக ஒட்டும் ரப்பர் பசையின் ஆவியும் குப்பென்று பற்றும், அதனால் திறந்த வெளியில்தான் வேலை. ஆனால் நம்மூரில் தறிக்குடோன் ஓரம் வேண்டவே வேண்டாம். பறக்கும் பஞ்சு பசையில் படிந்தால் பீடிங் ஒரே வாரத்தில் வாயைப் பிளக்கும். துருவைத் தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். ஒட்டும்போது இழுக்காதீர்கள். இழுத்த ரப்பர் சுருங்கி மூலையில் இடைவெளி விடும். இணைப்பு பின்கதவில் அடிப்பக்கம் வரட்டும்.

போல்ட்டை ஒரே பக்கமாக இறுக்காமல் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியுங்கள். பிறகு பின்கதவில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துச் சாத்தி இழுங்கள். சிக்காமல் வழுக்கி வந்தால் அந்த இடம் இன்னும் திறந்தே இருக்கிறது. இப்படி கதவு முழுக்கச் சுற்றிப் பாருங்கள். ரப்பர் பதிந்ததும், ஒரு வாரம் கழித்து, போல்ட்டுகளை மறுபடி பிடிக்க வேண்டும். அன்றைக்கே வண்டியை மேலே ஏற்றி, சைலன்சர் ஜாயின்ட்டிலும் பைப்பிலும் ஓட்டை இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.