வெளியே சொல்லக் கூசும் ஒரு தொல்லை

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி ஒருவர் கோயிலுக்குப் போவதைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்கிறார். கலியாண வீட்டு அழைப்பு வந்தால் தலைவலி என்கிறார். நெடுந்தூர பஸ் பிரயாணமென்றால் முதல்நாள் மாலையிலிருந்தே தண்ணீர் அருந்துவதை நிறுத்திவிடுகிறார். வீட்டார் இதனை வயதின் சோர்வென்று எண்ணிவிடுகின்றனர். தும்மும்போதும் இருமும்போதும் அவரையறியாமலே சிறுநீர் கசிந்துவிடுகின்றது என்பதுதான் உண்மை. அதனை அவர் கணவரிடமும் சொல்லார். பெற்ற மகளிடமும் சொல்லார். வேறு நோய்க்கு மருந்து வாங்க வைத்தியரிடம் போகும்போதுகூட, நாவின் நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டுத் திரும்புவார்.

"வயது போனால் அப்படித்தான்" என்று கூறிக்கொள்வது நம்மவர் வழக்கம். அது பிழையான ஆறுதல் என்பதை நம் சகோதரிகளுக்கு எடுத்துக்கூற விரும்புகின்றோம்.

இடுப்புக்குழியின் அடியில், முன்னெலும்பு தொடங்கி வாலெலும்பு வரையில், ஏணை கட்டியதுபோலச் சில தசைகள் அமைந்திருக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் தாங்கி நிற்பவை இவையே. பிள்ளைப்பேற்றினால் இவை தளர்வதுண்டு. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்திரோஜன் என்னும் சுரப்பு குறைந்துவிட, சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வும் மெலிந்து போகின்றது. அப்போது இருமல், சிரிப்பு, குடம் தூக்குதல் ஆகியவற்றால் வயிற்றில் எழும் அழுத்தத்தை அவ்விடம் தாங்கமாட்டாது கசிவு உண்டாகின்றது. மற்றொரு வகையும் உண்டு. பை நிறையுமுன்பே திடீரெனச் சுருங்க, கழிப்பறையை அடைவதற்குள் சிறுநீர் போய்விடும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். எவ்வகை என்று அறிந்தாலன்றிச் சிகிச்சை சரிவராது.

முதல் வகைக்குத் தேகாப்பியாசமே தலைசிறந்த மருந்து. அமெரிக்கப் பெண்நோய் வைத்தியரான ஆர்னல்ட் கீகல் 1948ஆம் ஆண்டில் இதனை விளக்கிக் கட்டுரை எழுதினார். தசையின் வலிமையை அளந்து காட்டும் கருவி ஒன்றையும் அவர் அமைத்திருந்தார். 2018இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்று, 14 நாடுகளைச் சேர்ந்த 1817 பெண்களைப் பற்றிய 31 பரிசோதனைகளை ஆராய்ந்தது. இருமும்போது கசியும் வகையினருள், பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 56 பேர் குணமடைந்ததாகக் கூறினர். செய்யாதவர்களில் 6 பேரே அவ்வாறு கூறினர். கத்தியும் இல்லை, குளிசையும் இல்லை என்பதை நினைக்குங்கால் இது சிறிய காரியமன்று.

செய்யும் முறை எளிது. ஆனால் பலர் பிழையாகவே செய்கின்றனர். வாயு பிரியாமல் அடக்கும்போது எத்தசையை உள்ளிழுக்கின்றோமோ, அதுவே நாம் நாடும் தசை. வயிற்றையோ தொடையையோ இறுக்குதல் கூடாது, மூச்சையும் அடக்கலாகாது. ஐந்தாறு வினாடி உள்ளிழுத்துப் பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். இவ்வாறு தடவைக்கு எட்டு முறையாக, நாளொன்றுக்கு மூன்று தடவை செய்க. கதிரையில் அமர்ந்து தேங்காய் துருவும்போதும் செய்யலாம். அருகிலிருப்பவருக்குத் தெரியவே வராது. மூன்று மாதம் விடாமற் செய்த பின்னரே பலனை எடைபோடுதல் வேண்டும். இரண்டாம் வாரத்திலேயே கைவிடுபவரே அதிகம் என்பது நமது எண்ணம். சிறுநீர் கழிக்கையில் இடையில் நிறுத்திப் பழகுவது சரியான பயிற்சியன்று. தண்ணீரை வெகுவாகக் குறைப்பதும் தவறு. சிறுநீர் தடித்துப் பையை உறுத்துவதோடு மலச்சிக்கலும் உண்டாகும். தேநீரையும் கோப்பியையும் குறைப்பதே தக்கது.

இரண்டாம் வகைக்கு, பையை அடக்கிப் பழக்கும் பயிற்சியும் மருந்தும் போதாதவிடத்து, நரம்பைத் தூண்டும் சிகிச்சை உண்டு. இதிலுள்ள விந்தை யாதெனில், கோளாறு சிறுநீர்ப்பையில்; ஊசி ஏற்றுவதோ கணுக்காலில்! உட்கணுக்காலுக்கு மேலே மூன்று விரற்கடை அளவில் மெல்லிய ஊசியொன்றைச் செலுத்தி, அதன் வழியே சிறிதளவு மின்சாரம் பாய்ச்சுவர். கால் பெருவிரல் தானே மடங்குமாயின் ஊசி உரிய இடத்தில் நிற்கின்றதென அறிவர். அங்கு ஓடும் நரம்பின் வேர்களும் சிறுநீர்ப்பையை ஆளும் நரம்புகளும் முதுகெலும்பின் அடிப்பகுதியில் ஒரே இடத்திற் கூடுகின்றன. காலிலிருந்து செல்லும் தூண்டல் அங்கு சென்று பையின் படபடப்பைத் தணிக்கின்றது என்பர். ஒவ்வொரு முறையும் அரைமணி நேரமாக, வாரம் ஒரு முறை, பன்னிரண்டு வாரம் செய்வர். 2010இல் வெளிவந்த ஆய்வில் 220 பேரைக் கொண்டு, உண்மைச் சிகிச்சையும் போலிச் சிகிச்சையும் ஒப்பிடப்பட்டன. உண்மையானதைப் பெற்றோரில் நூற்றுக்கு 54.5 பேரும், போலியைப் பெற்றோரில் 20.9 பேரும் நல்ல முன்னேற்றம் கண்டதாகக் கூறினர். எல்லோருக்கும் பலிப்பதன்று; பலித்தவர்களும் இடையிடையே மீண்டும் செய்துகொள்ள நேரிடும். ஊசிக்கு அஞ்சுவோருக்குத் தோலின்மேல் ஒட்டும் பட்டைகளாலும் இதனைச் செய்வதுண்டு. இருதயத்தில் மின்கருவி பொருத்தியோருக்கு இச்சிகிச்சை ஆகாது.

சிறுநீரில் இரத்தம், எரிவு, காய்ச்சல் ஆகியவை இருப்பின் பயிற்சி செய்துகொண்டு காத்திராமல் உடனே வைத்தியரிடம் செல்க. நீரிழிவும் கிருமித் தொற்றும் இதே குறிகளைக் காட்டக்கூடும். மென்சவ்வு வரண்டவர்களுக்கு, உள்ளிடத்திற் பூசும் ஈஸ்திரோஜன் களிம்பை வைத்தியர் தருவதுமுண்டு. போகுமுன்னர் மூன்று நாட்களுக்கு, குடித்தது எவ்வளவு, எத்தனை முறை சிறுநீர் கழித்தது, எப்போது கசிந்தது என்று ஒரு தாளில் மணியுடன் குறித்துக்கொள்ளுதல் நன்று. வாய்விட்டுச் சொல்லக் கூசுவோர் அந்தத் தாளையே வைத்தியரிடம் நீட்டிவிடலாம்.