உள்ளே போனது எத்தனை மில்லிகிராம்?

பாராசிட்டமால் அட்டையில் 500 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், விழுங்குகிறவருக்குப் போவதும் அவ்வளவுதான். நெதர்லாந்தில் 2003 முதல் டாக்டர் சீட்டுக்கு மருந்துக் கடையிலேயே கஞ்சாப் பூ தருகிறார்கள். டப்பாவில், பூவின் வீரியப் பொருளான டி.எச்.சி. 22 சதவீதம் என்று இருக்கும். சூடாக்கி இழுத்தால் அதில் நுரையீரலுக்குப் போய்ச் சேருவது எவ்வளவு?

பச்சைப் பூவில் டி.எச்.சி. பெரும்பாலும் அமில வடிவில்தான் இருக்கிறது. சூடேறும்போது கரியமில வாயுவை உதறிவிட்டுத்தான் அது மருந்தாகிறது. சூடு குறைந்தால் இந்த மாற்றம் அரைகுறையாக நின்றுவிடும். கூடினால் பூவே கருகி, தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். ஜெர்மனியின் 'வோல்கேனோ' கருவி, ஏறத்தாழ 200 டிகிரி சூட்டுக் காற்றைப் பூவின் ஊடே செலுத்தி, ஆவியை ஒரு பலூனில் பிடிக்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2006-இல் அளந்து பார்த்தபோது, வைத்த டி.எச்.சி.யில் சராசரியாக 54 சதவீதமே பலூனுக்கு வந்தது. பாதி வீண்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே பாதி. டாக்டருக்கு இதுதான் முக்கியம்: இழப்பு எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அதையும் சேர்த்துக் கணக்குப் போடலாம், நாளுக்கு நாள் மாறினால் எதுவும் செய்ய முடியாது. இஸ்ரேலின் 'சைக்' இன்ஹேலர் இன்னும் கறார். நிறுத்து அடைத்த சிறு துணுக்குகளைச் சூடாக்கி, ஒரு மூச்சுக்கு அரை மில்லிகிராம் டி.எச்.சி. என்ற அளவில் தருகிறது.

கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பூ சும்மா இருப்பதில்லை. காற்றும் வெளிச்சமும் பட்டால் டி.எச்.சி. மெல்ல மெல்லக் கன்னாபினால் என்ற வீரியம் குறைந்த பொருளாக மாறும். அறை வெப்பத்தில் வைத்த கஞ்சா முதல் ஆண்டிலேயே சராசரியாக 16.6 சதவீத டி.எச்.சி.யை இழந்ததாக 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. 1890-களில் கேம்பிரிட்ஜ் வேதியியலாளர்கள் இந்தியச் சரஸை (கஞ்சாப் பிசினை) ஆராய்ந்தபோது கைக்குக் கிடைத்ததும் இந்தச் சிதைவுப் பொருள்தான். போதைக்குக் காரணம் அதுவே என்று நம்பினார்கள். அசல் டி.எச்.சி.யைத் தனியே பிரித்தெடுக்க 1964 வரை, வேதியியலாளர்கள் மெகூலமும் காவோனியும் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

வேப்பிங் கருவிகளில் செருகும், கஞ்சா எண்ணெய் நிரப்பிய கார்ட்ரிட்ஜுகளில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே சூடாவது டி.எச்.சி. மட்டுமல்ல, கூடக் கலந்ததும்தான். 2019-இல் அமெரிக்காவில், பெரும்பாலும் கள்ளச்சந்தைச் சரக்கில், எண்ணெயின் அளவைக் கூட்ட வைட்டமின் ஈ அசிட்டேட்டைக் கலந்தார்கள். சருமக் கிரீம்களில் சாதாரணமாகச் சேர்க்கிற பொருள் அது, நுரையீரலுக்கு ஆகாது. 2020 பிப்ரவரிக்குள் வேப்பிங்கால் நுரையீரல் பாதித்து 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்கள் அல்லது இறந்திருந்தார்கள்; இறந்தவர்கள் 68 பேர்.